எரிந்தது போக மீந்தது

முதல் நாள் – கார்க்கிலிருந்து டப்ளினுக்கு

அத்தையின் கைப்பையில் ஒரு ஜெபப் புத்தகம் இருக்கிறது. கறுப்புத் தோல் அட்டை, ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்துவிட்டது. முன் தாளில் அந்த வீட்டுப் பிறப்புகளை மூன்று தலைமுறையாக ஒருவர் பின் ஒருவராக எழுதி வந்திருக்கிறார்கள். பெயர், தேதி, பிறந்த ஊர். முதல் வரிக்கு மட்டும் ஊர் கிடையாது, "மேயோ" என்று அயர்லாந்தின் மேற்கே உள்ள ஒரு கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போல) பெயரோடு நின்றுவிடுகிறது. அது அத்தையின் பாட்டி, அம்மாவைப் பெற்றவர். மேயோவில் எங்கே பிறந்தார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் கணவர் அயர்லாந்தின் தெற்கே உள்ள கார்க் நகரத்துக்காரர். அவருடைய அம்மாவைக் கல்யாணமான புதிதிலேயே அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், "அதுவே இருக்கட்டும்" என்றுவிட்டார். அவர் என்னை "அ ஸ்தோர்" என்பார். ஐரிஷ் மொழியில் "என் செல்வமே" என்று பொருள். அவருக்கு எழுபத்தைந்து வயதாகிறது. போக முடிகிறபோதே போய்விட வேண்டும் என்று இந்த ஆறு நாள் பயணத்தைப் போட்டோம். நாங்கள் இருவர் மட்டும்.

"எல்லாம் டப்ளினில் எரிந்து போச்சு, இனி எதைத் தேடுவது?" அத்தை பல வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம் இது. அத்தை மட்டுமா, இந்த நாட்டில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் ரயிலை விட்டு இறங்கியதும் அந்த இடத்துக்கே கூட்டிப் போனேன். ஹூஸ்டன் ஸ்டேஷனில் சிவப்புத் தடத்து டிராம் ஏறினால் சில நிறுத்தங்களில் ஃபோர் கோர்ட்ஸ் வந்துவிடும். லிஃபி ஆற்றங்கரையில் பச்சைக் கோபுரத்தோடு நிற்கும் நீதிமன்றம். இதன் வளாகத்தில்தான் அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் இருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய மூன்றாம் நாள், 1922 ஜூன் 30, அது வெடித்து எரிந்தது. கருகிய தாள்கள் காற்றில் பறந்து நகரம் முழுக்க விழுந்தன. ஹௌத் வரை போய் விழுந்ததாகச் சொல்வார்கள். ஹௌத் அங்கிருந்து கடலோரம், பதினைந்து கிலோமீட்டராவது இருக்கும்.

ஆற்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, இரண்டு குளிர்காலமாக இரவில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதை அத்தையிடம் சொன்னேன். எரிந்தது எல்லாமே அல்ல. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி எரிந்தது. அயர்லாந்து திருச்சபை என்னும் புராட்டஸ்டன்ட் சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகள் நிறைய எரிந்தன, ஏனென்றால் அவற்றை இங்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லிச் சட்டமே இருந்தது. உயில்கள் போயின. ஆனால் 1861, 1871 கணக்குகளை நெருப்பு தொடவே இல்லை, அரசாங்கமே உத்தரவு போட்டு அழித்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகப் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகளோ ஊர்ப் பங்குகளிலேயே, அதாவது உள்ளூர்த் தேவாலயங்களிலேயே, இருந்ததால் தப்பின. பிறப்பு, இறப்புப் பதிவும் நில மதிப்பீடும் வேறு கட்டடங்களில் இருந்தன.

இன்னொன்றும் தப்பியது. எரிவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1919இல், ஹெர்பர்ட் வுட் என்ற காப்பக அதிகாரி அந்த அலுவலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கேட்டலாக் தொகுத்து அச்சடித்திருந்தார். ஏடுகள் போய்விட்டன, அவற்றின் பட்டியல் நிலைத்துவிட்டது. நூறாண்டு நிறைவில், 2022 ஜூனில், டிரினிட்டி கல்லூரியும் காப்பகங்களும் சேர்ந்து அந்தப் பட்டியலை அடித்தளமாக வைத்து 'வர்ச்சுவல் ரெக்கார்ட் டிரெஷரி' என்ற இணையக் காப்பகத்தைத் திறந்தார்கள். எரிந்த ஏட்டுக்கு வேறெங்காவது நகல் இருந்தால், அது எரிந்ததன் இடத்தில் வைக்கப்படுகிறது. யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

அத்தை வெகுநேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எது இல்லை என்றாவது நமக்குத் தெரியும்" என்றார். அது பெரிய விஷயம் அத்தை, என்றேன்.

இரண்டாம் நாள் – பிஷப் தெரு

இன்று தேசிய ஆவணக் காப்பகம். ஒரு காலத்தில் ஜேக்கப்ஸ் பிஸ்கட் தொழிற்சாலை இருந்த இடம். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்திருந்த கட்டடங்களில் அந்தத் தொழிற்சாலையும் ஒன்று. கைப்பை, கோட்டு, பேனா எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வாசக அறைக்குள் போக முடியும். உள்ளே பென்சில் மட்டுமே. அத்தை நேற்றே ஒரு மஞ்சள் பென்சில் வாங்கிச் சீவி வைத்திருந்தார்.

வருவதற்கு முன் வீட்டிலிருந்தே என்ன கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இங்கே ஏன் வந்தோம் என்பது புரியாது. 1901, 1911 கணக்குகள் முழுசாக இருக்கின்றன, தேசியக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 1911 படிவத்தில் பாட்டி கார்க் கவுன்ட்டியில் ஒரு சின்ன ஊரில், கல்யாணமாகி மூன்று வருஷம், ஒரு குழந்தை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் "கோ. மேயோ", அதாவது மேயோ கவுன்ட்டி, அவ்வளவுதான். அந்தப் படிவம் அயர்லாந்துக்குள் பிறந்தவர்களிடம் கவுன்ட்டிக்கு மேல் கேட்கவே இல்லை. கணவரின் தொழில்: ஆர்.ஐ.சி. கான்ஸ்டபிள்.

ஆர்.ஐ.சி. என்றால் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி, ஆங்கிலேயர் காலத்துப் போலீஸ். அத்தை வீட்டில் தாத்தாவைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதன் காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. அந்தப் படை 1922இல் கலைக்கப்பட்டது. அதில் இருந்தவர்களின் பிள்ளைகள் பலர் அப்பாவின் வேலையை வெளியே சொல்லாமலே வளர்ந்தார்கள். அத்தையின் அம்மாவும் "அரசாங்க வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம்.

அந்த வேலைதான் எங்களுக்கு வழிகாட்டியாகவும் ஆனது. ஆர்.ஐ.சி.யில் ஒரு விதி உண்டு. சொந்தக் கவுன்ட்டியில் வேலை பார்க்கக் கூடாது, மனைவியின் கவுன்ட்டியிலும் கூடாது. மேயோவில் வேலை பார்த்தவர் மேயோப் பெண்ணைக் கட்டினால் மாற்றல் நிச்சயம். மேயோக்காரப் பாட்டி நாட்டின் தெற்கு மூலைக்கு எப்படி வந்தார் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

ஆர்.ஐ.சி. பணிப்பதிவேடுகளின் மூலம் லண்டனில், கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் இருக்கிறது, எச்.ஓ. 184 என்ற வரிசையில். மைக்ரோஃபிலிம் நகல் பிஷப் தெருவில் இருக்கிறது. சுருளைக் கருவியில் மாட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. சேர்ந்த வயது, உயரம், மதம், சொந்தக் கவுன்ட்டி, யார் சிபாரிசு, எந்தெந்தக் கவுன்ட்டியில் வேலை, கல்யாணத் தேதி, மனைவியின் கவுன்ட்டி, ஓய்வூதியம். பதினொன்றரை மணிக்குத் தாத்தா வந்தார். டைரோன் கவுன்ட்டிக்காரர், சேர்வதற்கு முன் விவசாயி. 1908இல் கல்யாணம், மனைவி மேயோ. அடுத்த இடம் கார்க். உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம்.

அத்தை திரையில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "என் பையன் யாரைக் கொண்டு பிறந்தான் என்று இத்தனை நாள் யோசித்தேன்" என்றார். என் கணவர் உயரமும் அதேதான். தாத்தாவின் புகைப்படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை.

சரி, காப்பகக் கேட்டலாக்கில் எப்படித் தேடுவது என்பது பற்றி. ஆரம்பத்தில் நான் எல்லோரையும் போலக் குடும்பப் பெயரைத்தான் போட்டுத் தேடினேன். மூன்று மாதம் ஒன்றுமே வரவில்லை, மனசு விட்டுப்போனது. காப்பகக் கேட்டலாக் பொட்டிகளையும் கட்டுகளையும் பற்றியது, அதற்குள் இருக்கும் ஆட்களைப் பற்றியது அல்ல என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "இந்தப் பண்ணையின் குத்தகைக் கணக்கு, 1850 முதல்" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கட்டுக்குள் நானூறு பேர் இருப்பார்கள், ஒருவர் பெயரும் கேட்டலாக்கில் வராது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். என் ஆள் எந்த ஊர்? அந்த ஊரில் காகிதம் எழுதியவர்கள் யார்? நிலச்சுவான்தார், பாதிரியார், மதிப்பீட்டாளர், பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டவர், பஞ்சத்தில் நிவாரணக் குழு நடத்தியவர். அவர்களைத் தேடினால் நம் ஆள் அவர்களுடைய காகிதத்துக்குள் இருப்பார்.

அதற்கு ஊர் வேண்டும். இங்கே ஊர் என்றால் டவுன்லேண்ட். பெயரைப் பார்த்து டவுன் என்று நினைத்துவிடக் கூடாது. சில நூறு ஏக்கர், சில வீடுகள், ஒரு பெயர், அவ்வளவுதான். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அதற்கு மேலே பாரிஷ் (பங்கு), பேரனி, ஏழைகள் சட்ட யூனியன், கவுன்ட்டி என்று பெரிய பிரிவுகள். அரசாங்கத்தின் பாரிஷ் வேறு, கத்தோலிக்கப் பாதிரியாரின் பாரிஷ் வேறு. எல்லை ஒன்றுக்கொன்று பொருந்தாது. இந்த ஒரு குழப்பத்தில் நான் இழந்த இரவுகள் பல.

எங்களுக்கு டவுன்லேண்ட் கிடைத்தது 1908 கல்யாணப் பதிவில். ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை அசல் பக்கமாகவே பார்க்கலாம். 75 வருஷம் தாண்டிய திருமணங்கள் திறந்திருக்கின்றன. அதில் கல்யாணப் பெண் எந்த இடத்தில் வசித்தார் என்று ஒரு கட்டம் உண்டு. தேவாலயம் லூயிஸ்பர்க், யூனியன் வெஸ்ட்போர்ட். கட்டத்தில் டவுன்லேண்டின் பெயர் கோணல் எழுத்தில், எழுத்துப்பிழையோடு. எந்த டவுன்லேண்ட் என்று இங்கே எழுதப் போவதில்லை. இன்றைக்கும் அங்கே சில வீடுகள்தான், சொந்தக்காரர்களாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் – பெல்ஃபாஸ்ட்

டைரோன் இப்போது வட அயர்லாந்தில் இருக்கிறது. அதனால் தாத்தாவுக்காக ரயிலில் இரண்டு மணி நேரம் வடக்கே. எல்லை எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. ஃபோனில் நெட்வொர்க் மாறியதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

வட அயர்லாந்துக் காப்பகத்தை எல்லோரும் ப்ரோனி என்கிறார்கள். டைட்டானிக் கப்பல் கட்டிய துறைப் பகுதியில் புதுக் கட்டடம். அவர்களுடைய கேட்டலாக்கில் எண்ணின் முதல் எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். டி என்றால் தனியார் கொடுத்த காகிதங்கள், மிக் என்றால் மைக்ரோஃபிலிம், வால் என்றால் நில மதிப்பீடு. வால் 12பி வரிசையில் நில மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்கள் இருக்கின்றன. குத்தகைக்காரர் மாறும்போது பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதுவார்கள். எந்த வருஷம் எந்த நிறம் என்று பார்த்தால் அப்பா போய்ப் பிள்ளை வந்தது தெரியும். இவை அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் தாத்தா பிடிபடவில்லை. பணிப்பதிவேட்டில் டைரோன் என்று இருக்கிறது, டவுன்லேண்ட் இல்லை. அவருடைய அப்பா பெயரில் 1901 கணக்கில் அந்தக் கவுன்ட்டியில் ஏழு பேர். சிபாரிசு செய்த பாதிரியாரை வைத்து அந்த ஏழு பேரை மூன்றாகக் குறைத்தோம். பாதிரியார் எந்தப் பங்கில் இருந்தாரோ அதைச் சுற்றித்தானே பையனும் வளர்ந்திருப்பான். மூன்றை ஒன்றாக்க இன்னொரு தரம் வர வேண்டும். அத்தைக்கு முட்டி வலி. மாலை ரயிலில் தூங்கிவிட்டார்.

இரவு, ஹோட்டல்

தூக்கம் வரவில்லை. ஒன்றைத் தேடிப் பார்த்தேன். எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

1909 ஜனவரியில் முதியோர் பென்ஷன் தொடங்கியது. எழுபது வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான், வயதுக்கு யாரிடமும் சான்று கிடையாது. அதனால் டப்ளினுக்கு எழுதிப் போட்டு, 1841 அல்லது 1851 கணக்கில் தங்கள் பெயரைத் தேடிச் சொல்லச் சொன்னார்கள். குமாஸ்தாக்கள் ஏட்டை எடுத்துப் பார்த்து, கண்டதைப் படிவத்தில் எழுதினார்கள். அந்த ஏடுகள் பின்னால் எரிந்தன. தேடிய படிவங்கள் தப்பின. தேசியக் காப்பகத்தின் தளத்தில் அவை இருக்கின்றன.

பாட்டியின் அப்பாவுக்கு 1901 கணக்கில் வயது 50. 1911இல் 66. பத்து வருஷத்தில் பதினாறு வயது கூடிவிட்டது. இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல, பென்ஷன் வந்த பிறகு நாடு முழுக்க நடந்தது. யாரையும் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. அப்படியானால் இவரும் டப்ளினுக்கு எழுதிப் போட்டிருப்பார் என்று தோன்றியது. பெயரை விட்டுவிட்டு டவுன்லேண்டைப் போட்டேன், பிறகு அதன் மூன்று எழுத்துமுறைகளையும் ஒவ்வொன்றாக.

மூன்றாவதில் வந்தது. 1917ஆம் வருஷத்துப் படிவம். அப்பா பெயர், அம்மா பெயர், பேரனி மரிஸ்க், பாரிஷ் கில்கீவர். கீழே வேறொரு கையெழுத்தில், கணக்கு ஏட்டைப் பார்த்த குமாஸ்தாவின் பென்சில் எழுத்தில், 1851 என்றும், அப்போது பையனாக இருந்த அவருடைய பெயரும், அதன் எதிரே 4 என்றும்.

எரிந்துபோன ஒரு பக்கத்திலிருந்து ஒரு வரி. அந்தப் பையன் 1847இல் பிறந்திருக்கிறான். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. 1841இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851 கணக்கில் 65 லட்சமாகக் குறைந்திருந்தது. அந்த 65 லட்சத்தில் ஒரு நாலு வயது.

அத்தையை எழுப்பலாமா என்று கதவு வரை போனேன். எழுப்பவில்லை.

நான்காம் நாள் – கில்டேர் தெரு

காலையில் டீ குடிக்கும்போது காட்டினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். "நாலு வயசு" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் தேசிய நூலகம் போகிற வரை பேசவில்லை.

வழியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில் ஒரு கல் வளைவு. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்த ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் வீரர்களுக்காக 1907இல் கட்டியது. தமிழ் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் 1881 வரை ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வைத்திருந்த ஐரோப்பியப் படைதான் அது. கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். உங்கள் ஐரிஷ் மூதாதை ஒருவர் கவுன்ட்டியை விட்டுத் திடீரென்று காணாமல் போனால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளையும் ஒரு தடவை பாருங்கள். மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயப் பதிவுகள் என்/2 வரிசையில் இருக்கின்றன. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம்.

தேசிய நூலகம் என்றதும் பலரும் நினைப்பது கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளைத்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளைப் படம் பிடித்து 2015 ஜூலையில் இணையத்தில் போட்டார்கள். இலவசம். அநேகமாக 1880 வரைதான் இருக்கும். 1884இல் பிறந்த எங்கள் பாட்டி அதில் வரமாட்டார், அவருக்கு அரசாங்கப் பிறப்புப் பதிவுதான். மூத்த அக்கா ஒருவர் அகப்பட்டார். பல பதிவேடுகளை லத்தீனில் எழுதியிருப்பார்கள், ஜேம்ஸ் யாகோபுஸ் ஆவார், நோரா ஹொனோரியா ஆவார். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தியோ மாமாவோதான்.

நாங்கள் நேரில் வந்தது வேறொன்றுக்காக. வழி இப்படி வந்தது. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் நாடு முழுக்க நில மதிப்பீடு நடத்தி அச்சிட்டார். ஒவ்வொரு டவுன்லேண்டிலும் யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார், வீட்டுக்கு என்ன மதிப்பு என்று நம் ஊர் அடங்கல் போல இருக்கும், வரைபடத்தோடு. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து என்ற தளத்தில் பார்க்கலாம். எல்லோரும் பெயரைக் கண்டதும் மூடிவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டத்தையும் படிக்க வேண்டும். நிலத்தை யாரிடமிருந்து பிடித்திருந்தார் என்று அதில் இருக்கும். எங்கள் டவுன்லேண்டுக்கு எதிரே "ஸ்லைகோ மார்க்விஸ்" என்று இருந்தது. வெஸ்ட்போர்ட் மாளிகைக்காரரான பிரபு, ப்ரௌன் குடும்பம். அந்தப் பெயரைத் தேசிய நூலகத்தின் கேட்டலாக்கில் போட்டேன். வெஸ்ட்போர்ட் பண்ணைக் காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன.

அட்டை வாங்கி, எண் எழுதிக் கொடுத்து, காத்திருந்தோம். எண்ணில் ஒரு இலக்கத்தை நான் மாற்றி எழுதிவிட்டதால் முதலில் வேறு கட்டு வந்து ஒரு மணி நேரம் போயிற்று. எண்ணைக் கையால் எழுதாமல் திரையைப் படம் பிடித்துக்கொள்வது நல்லது. இரண்டாவது தடவை சரியான குத்தகைக் கணக்கு வந்தது. நுரை மெத்தைத் தாங்கி மேல் வைத்து, பக்கத்தை இரண்டு கையாலும் திருப்ப வேண்டும். தடித்த காகிதம், பழுப்பு மை. டவுன்லேண்டின் பெயர் தலைப்பில், கீழே குடியானவர்கள். பழைய பாக்கி, வருஷக் குத்தகை, கட்டியது, மிச்சம்.

அவர் அங்கே இருந்தார். அந்த நாலு வயதுப் பையனின் அப்பா. வேறு மூன்று பெயர்களோடு ஒரே அடைப்புக்குள், நால்வருக்கும் ஒரே நிலம். ரன்டேல் என்று சொல்வார்கள், பங்காளிகளும் அக்கம்பக்கமும் கூட்டாகப் பிடித்து, துண்டு துண்டாகப் பிரித்துப் பயிரிடும் முறை. பாக்கிக் கட்டம் காலியாக இல்லை. அத்தை எண்களைப் படித்துக்கொண்டே வந்து பாக்கியில் நின்றார். "கட்டினாரா?" என்று காதோடு கேட்டார். அடுத்த வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினோம். பெயர் இருந்தது. அதற்கடுத்த வருஷமும் இருந்தது. நாலு பேர் அடைப்பு மூன்றாகியிருந்தது. விடுபட்டவர் எங்கே போனார் என்று அந்தக் கணக்கில் இல்லை.

ஐந்தாம் நாள் – வெஸ்ட்போர்ட்

மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயில், ஷானன் ஆறு தாண்டியதும் கல் சுவர்கள். மழை. மாளிகையை வெளியிலிருந்து பார்த்தோம். அத்தை உள்ளே போக விரும்பவில்லை.

சாயங்காலம் லோகனிம் என்ற ஊர்ப்பெயர்த் தளத்தைத் திறந்து, டவுன்லேண்டின் ஐரிஷ் பெயரை அத்தைக்குக் காட்டினேன். அங்கே உச்சரிப்பைக் கேட்கவும் முடிகிற ஊர்கள் உண்டு. லூயிஸ்பர்க்கின் ஐரிஷ் பெயர் க்ளூன் கியர்பான். அத்தை பள்ளியில் படித்த ஐரிஷை வைத்து டவுன்லேண்டின் பெயரை இரண்டாகப் பிரித்துப் பொருள் சொன்னார். "சின்னதாக ஒரு பாறை மேடு. பாறையில் என்னத்தைப் பயிரிட்டார்களோ" என்றார்.

1830களின் ஆறங்குல வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். பழையதில் பன்னிரண்டு கூரைகள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருந்தன. பிந்தைய வரைபடத்தில் அந்தக் கொத்து இல்லை, ஒவ்வொரு வீடும் அதனதன் நிலத்தோடு சாலையோரம் நீளமாகப் பிரிந்து நின்றது.

ஆறாம் நாள் – லூயிஸ்பர்க்

காலையில் மழை விட்டிருந்தது. சாலை முழுக்க இடது பக்கம் க்ரோ பேட்ரிக் மலை, வலது பக்கம் க்ளூ விரிகுடா. மரிஸ்க்கில் பஞ்ச நினைவுச் சிற்பம், எலும்புக்கூடுகளைப் பாய்மரக் கயிறாகக் கோத்த கப்பல். லூயிஸ்பர்க்கில் ஒரு வாடகைக் காரை நாள் முழுக்கப் பேசிக்கொண்டோம். ஓட்டுநர் உள்ளூர்க்காரர், கேட்காமலே முதலில் டூலாக் பாதைக்குக் கூட்டிப் போனார்.

1849 மார்ச் 30. லூயிஸ்பர்க்கில் நிவாரணத்துக்காகக் கூடிய பட்டினிக் கூட்டத்தை, மறுநாள் காலை டெல்ஃபி விடுதிக்கு வந்தால்தான் பரிசோதித்து உதவி தர முடியும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் மலைப்பாதை, குளிர், காற்று. நடந்தார்கள். போய்ச் சேர்ந்தும் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பலர் ஏரிக்கரையிலேயே விழுந்து இறந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. காந்தியின் வாக்கியம் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆளே இல்லாத அந்த மலையிடுக்கில் அவர் பெயரைப் படித்தபோது என்னால் கொஞ்ச நேரம் நகர முடியவில்லை.

அந்தப் பையனுக்கு அப்போது இரண்டு வயது. அவனுடைய அம்மாவோ அப்பாவோ அன்று நடந்தவர்களில் இருந்தார்களா என்று எந்தக் கேட்டலாக்கும் சொல்லாது. அத்தையும் கேட்கவில்லை. சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

டவுன்லேண்டுக்கு ஒற்றைக் கார் போகிற சாலை. கிரிஃபித் வரைபடத்தின் எண்ணை ஃபோனில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டில் கதவைத் தட்டி அனுமதி கேட்டோம். என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருந்த ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டு தானே கூட வந்தார். வேலிக்கப்பால் ஒரு சரிவு. அங்கே முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசைகள், மேலே பாசியும் பெரணியும். ஒரு மூலையில் அடுப்பங்கரைக் கல் இன்னும் கறுப்பாக இருந்தது. மண் மேட்டில் வரிவரியாக மேடும் பள்ளமும். பழைய உருளைக்கிழங்குப் பாத்திகள், நூற்றெழுபது வருஷமாக யாரும் உழாததால் அப்படியே இருக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னார். வெயில் சாய்ந்திருந்ததால் ஒவ்வொரு வரியின் நிழலும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவருடைய குடும்பப் பெயர் அந்த அடைப்புக்குள் இருந்த நாலில் ஒன்று. நூலகத்தில் எடுத்த படத்தைக் காட்டினேன். தன் பெயரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் எங்கள் பெயரைப் படித்து, "இவர்கள் வீடு அந்தக் கோடியில் இருந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார்" என்று கிழக்கே கை காட்டினார். எந்தக் காப்பகத்திலும் இல்லாத ஒரு வரி.

அத்தை அந்தக் கோடிக்குப் போய், சுவரில் மிச்சமிருந்த ஒரு அகலக் கல்லில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார். மஞ்சள் பென்சில் இன்னும் கோட்டுப் பையில்தான் இருந்தது. முதல் வரியில் "மேயோ" என்பதற்கு முன்னால், இடம் போதாமல் சின்ன எழுத்தில், டவுன்லேண்டின் பெயரை எழுதினார்.

"எழுத்து சரியா பார், அ ஸ்தோர்" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். சரியாக இருந்தது. அந்தப் பெண் டீ போட்டிருப்பதாக வாசலிலிருந்து கூப்பிட்டார்.